ஐம்பது சில்லுகளும் ஐந்து ஏன்களும்

ஜனவரி 22, புதன்

ஷியோமி கருவியகத்திலிருந்து பெட்டி திரும்பி வந்திருக்கிறது. உள்ளே நாங்கள் செய்து விற்ற ஐம்பது மின்தேக்கிச் சில்லுகள், ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. கூடவே ஒரு சீட்டு: "தேக்கும் அளவு குறைவு. காரணம் கூறவும்." எழுதியவர் அங்கே சரக்குச் சோதனை பார்க்கும் இவஹாஷி. அகிதா துறைமுகத்தில் மீன் தேடும் கருவி செய்கிறவர்கள் அவர்கள். கடலுக்கு அடியில் இருக்கும் மீனைக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் விவரப் பட்டியலின் அடியில் இருக்கும் குறிப்பைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அந்தக் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. மின்தேக்கி என்றால் உலோகத் தகடுகளுக்கு நடுவே பீங்கான் அடுக்குகள், அவ்வளவுதான். எந்தப் பீங்கான் என்பதில்தான் குணம் முழுவதும். ஒரு வகை இருக்கிறது: வெயில், குளிர், வருஷங்கள் எதற்கும் அசையாது, ஆனால் கொஞ்சம்தான் தேக்கும். இவர்கள் கேட்டது சின்ன உடம்பில் நிறையத் தேக்குவது. அதற்கு பேரியம் டைட்டனேட் மண்தான் வேண்டும். அந்த மண் அள்ளிக் கொடுக்கும், ஆனால் சும்மா கிடந்தாலே இளைத்துக்கொண்டு போகும். முதல் நாளில் இழப்பதை மறுபடி இழக்கப் பத்து நாள், அதற்கப்புறம் அதே அளவை இழக்க நூறு நாள். கோளாறு இல்லை, சுபாவம். நூற்றைம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, ஒரு நாள் ஆற விட்டு அளந்தால் பழையபடி நிமிர்ந்து நிற்கும்.

இரண்டு வருஷம் கிடங்கில் போட்டுவிட்டு இப்போது எடுத்து அளந்திருக்கிறார்கள். பத்து சதவீதம் குறையலாம் என்பது ஒப்பந்தம். பதினொன்று குறைந்திருக்கிறதாம்.

புகார்ப் பிரிவில் பதினோரு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. நாளைக்குச் சோதனை அறையில் அரமகி சுட்டுப் பார்ப்பாள்.

இவஹாஷியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினேன். கொஞ்சம் அதிகமாகப் பட்டது. பேனாவின் ரப்பர் வாலால் தேய்த்து அழித்துவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

அரமகி சொன்னபடியே முடித்துவிட்டாள். ஐம்பதும் நிமிர்ந்துவிட்டன. "அக்கா, ஒண்ணுகூட சோடை போகல" என்று தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மினோரி அரமகி எங்கள் சோதனை அறையில் ஒப்பந்த ஊழியர், ஏஜென்சி மூலமாக வந்தவள். மூன்று வருஷமாக அடுப்பும் அளவுக் கருவியும் அவள் பொறுப்பு.

அடுப்பில் சுட்டு அளந்ததில் சரக்கில் குறையில்லை என்று எழுதி, அடிக்குறிப்பைப் பெரிதாக்கி நகல் எடுத்து இணைத்து, ஐம்பதையும் திருப்பி அனுப்பினேன். இத்தோடு ஒழிந்தது.

ஜனவரி 30, வியாழன்

ஒழியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருக்கிறது.

காலையில் இவஹாஷி போன் செய்தார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அதுவே நல்லதற்கில்லை.

"ஹிசனோ மேடம், நாங்க அனுப்பின சில்லு எங்க?"

"உங்ககிட்டதான் திரும்பி வந்திருக்குமே."

"வந்தது எங்களோடது இல்ல. அனுப்பறதுக்கு முன்னாடி இருபது சில்லோட அடியில சிவப்பு மையில புள்ளி வச்சேன். நீங்க அனுப்புனதுல ஒரு புள்ளி கிடையாது. புதுச் சரக்கை வச்சு மாத்திட்டு, குறையில்லன்னு எழுதியிருக்கீங்க."

வேறு ஒரு கம்பெனி முன்பு அப்படி அவரை ஏமாற்றியதாம். அதனால் எங்களுக்குப் பொறி வைத்தாராம். யாரோ சுட்டது, சூடு எங்களுக்கு.

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அது எனக்கு வருஷத்துக்கு ஒரு முறைகூட நடக்காது.

ஜனவரி 31, வெள்ளி

ஐந்து சில்லுகளில் சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்து நூற்றைம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டேன். அடுப்பு மையைத் தின்றிருக்கும் என்று காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

புள்ளிகள் கொஞ்சம் கறுத்தன. போகவில்லை. ஐந்தும் என்னைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கின்றன.

எங்களுக்குச் சாதகமாகச் செய்த சோதனை இவஹாஷிக்குச் சாட்சி சொல்லிவிட்டது. குப்பையில் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து மேசையில் வைத்தேன். சோதனை சோதனைதான், என்ன செய்ய.

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் பிரிவுத் தலைவர் குசுமோதோ 'ஏன்-ஏன்' தாளை நிரப்பித் தரச் சொன்னார். எந்தப் புகார் வந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டு அடிக்காரணம் வரை தோண்ட வேண்டும் என்பது இங்கே வேதம். நிரப்பினேன்.

அளவு ஏன் குறைந்தது? நாள் ஆனதால்.
நாள் ஆனால் ஏன் குறைகிறது? பீங்கானுக்குள் இருக்கும் நுண்ணிய பகுதிகள் மெல்ல மெல்லத் தங்களுக்குச் சௌகரியமான நிலையில் உட்கார்ந்துவிடுவதால்.
ஏன் உட்கார்கின்றன? யார்தான் உட்கார மாட்டார்கள்.
ஏன் இந்த மண்ணைப் பயன்படுத்தினோம்? சின்னதாகவும் வேண்டும், நிறையவும் வேண்டும் என்று அவர்கள் கேட்டதால்.
ஏன் கேட்டார்கள்? அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

குசுமோதோ விற்பனையிலிருந்து வந்தவர். கெட்டவர் அல்ல, யாராவது கோபித்துக்கொண்டால் அவருக்குச் சோறு இறங்காது, அதுதான் வியாதி. தாளைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இயற்கையைக் காரணமா எழுதக்கூடாதும்மா. இயற்கைக்கு எப்படித் திருத்த நடவடிக்கை எடுக்கறது?"

"எடுக்க முடியாது சார். அதான் அடிக்குறிப்பு போட்டிருக்கோம்."

"புள்ளிக்கு என்ன காரணம்? அதை எழுதலையே."

தாள் திரும்ப என் மேசைக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

பனி. பனி. ஒன்றரை மணி நேரம் கார் மேல் இருந்த பனியைத் தள்ளிவிட்டு ஆபீஸ் போனால் இவஹாஷியின் மின்னஞ்சல். அதில் "வருத்தத்துடன்" என்ற சொல் நான்கு இடத்தில்.

பிப்ரவரி 7, வெள்ளி

குசுமோதோ அடிக்காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"மனிதத் தவறுன்னு போட்டுருவோம். சோதனை அறையில தட்டு மாறிப்போச்சு, அவ்வளவுதான். வேணும்னு ஏமாத்தல, கை தவறிடுச்சு. அவங்க சமாதானம் ஆயிருவாங்க."

"யார் கை சார்?"

மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அரமகியோட ஒப்பந்தம் எப்படியும் மார்ச்சோட முடியுதுல்ல."

"முடியல. புதுப்பிக்கணும்."

"புதுப்பிக்காட்டி முடியுதுல்ல."

இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருந்தேன் என்று தெரியவில்லை. அரமகிக்கு நாலு வயதுப் பெண் இருக்கிறாள். அம்மாவுக்கு வேலை இருந்தால்தான் நகராட்சிப் பகல் காப்பகத்தில் பிள்ளைக்கு இடம். வேலை போனால் இடம் போகும். இடம் போனால் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறு வேலை தேட முடியாது. அதிலும் தவறு செய்தாள் என்று ஏஜென்சிக்கு எழுதிப் போட்டால் இந்த வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் சேர்க்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இங்கே பாவம் யார் செய்ததென்றே இன்னும் தெரியவில்லை, பழிக்கு மட்டும் ஆள் தயார்.

அறிக்கையில் புகார்ப் பிரிவின் முத்திரை வேண்டும். அதாவது என்னுடையது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை நான்?

பிப்ரவரி 10, திங்கள்

ஏன் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. எனக்கும் சந்தேகம் இருக்கிறது.

அடுப்புப் பதிவைப் பார்த்தேன். 23ஆம் தேதி அரமகி அடுப்பில் வைத்தது ஒரு தட்டு அல்ல, இரண்டு. இன்னொன்று எங்கள் சொந்தச் சோதனைக்கான சரக்கு, சோதனை முடிந்து அது குப்பைக்குப் போய்விட்டது. அதே அளவு, அதே மதிப்பு, அதே பழுப்பு நிறம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய்க் கேட்டேன். புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயை எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அரமகி, அன்னிக்கு ரெண்டு தட்டும் ஒண்ணா வெளிய எடுத்தியா?"

கை அப்படியே நின்றது.

"ரெண்டு தட்டுலயும் சீட்டு வச்சிருந்தேன்க்கா. நான் சீட்டு வைக்காம எதையும் அடுப்புல ஏத்த மாட்டேன்."

"தெரியும். ஆனா ஆற வைக்கறப்ப…"

"ஆற வைக்கறப்பவும் சீட்டு இருந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஊறுகாய் அங்கேயே இருந்தது.

அவள் மாற்றியிருக்கலாம். யாருக்கும் நடக்கும். மாற்றினாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் குசுமோதோ சொன்னது பொய் ஆகாது, நான் முத்திரை வைப்பதும் தப்பு ஆகாது. எவ்வளவு சுலபமாக எழுத வருகிறது பார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

விடுமுறை. நாள் முழுக்கப் பனி தள்ளினேன். அரமகியின் கை நின்ற இடம் கண்ணிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

திங்கட்கிழமை குசுமோதோவும் நானும் ஷியோமிக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். தின்பண்டப் பெட்டியைக் குசுமோதோவே தேர்ந்தெடுத்தார். சின்னத் தவறுக்கு அரிசி அப்பளம், நடுத்தரத் தவறுக்கு மாவுப் பணியாரம், பெரிய தவறுக்கு யோகான். பயறும் சர்க்கரையும் போட்டு இறுக்கிய கட்டி, செங்கல் மாதிரி கனக்கும். கனம் கூடக்கூட மன்னிப்பும் கூடும் என்பது அவர் அனுபவம். இந்த முறை பத்துக் கட்டி.

"முத்திரை?" என்றார்.

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை கார்லயே வச்சுக் குடுத்துடு. வரைவை நான் இப்பவே அவங்களுக்கு அனுப்பிடறேன். ஏஜென்சிக்கும் ஒரு வார்த்தை."

"முத்திரை இல்லாமலா?"

"வரைவுதானேம்மா."

பிப்ரவரி 16, ஞாயிறு

இதை எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. என் கணவரிலிருந்தே தொடங்குகிறேன்.

நோரிஹிரோ நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார். ஊரில் பனிக்குடில் திருவிழா, இரண்டு நாளாக ஓயாத வேலை. மத்தியானம் வந்து, தூக்கக் கலக்கத்தில் தேநீரை மேசையில் கவிழ்த்திருக்கிறார். மேசையில் இந்த நோட்டு. நான் திட்டுவேனே என்று துடைத்து, விரித்து, மண்ணெண்ணெய் ஹீட்டரின் அனல் காற்றுக்கு நேராக நிறுத்திக் காயவைத்திருக்கிறார். பாவம், நல்ல எண்ணம்தான்.

நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஜனவரியும் பிப்ரவரியும் வெள்ளைத்தாள்.

"என்ன பண்ணீங்க இதை?"

"காய வச்சேன். நல்லா காஞ்சிருச்சு பாரு."

"எழுதினதெல்லாம் எங்க?"

அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். "நீ எழுதியிருந்தியா?"

கத்தினேன். அழித்து எழுதும் பேனா அது, சூடு பட்டால் மை மறையும், தேய்த்தால் அழிவதும் தேய்க்கும் சூட்டினால்தான், இதுகூடவா தெரியாது, ஊரில் ஆபீஸுக்கு ஆபீஸ் இந்தப் பேனாதானே என்று கத்திக்கொண்டே போனவள் நடுவிலேயே நின்றுவிட்டேன்.

ஆபீஸுக்கு ஆபீஸ் இந்தப் பேனாதான்.

சிவப்பு மை என்றுதான் இவஹாஷி சொன்னார். மார்க்கர் என்று எப்போது சொன்னார்? நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் சோதனை அறையில் பதிவுகளுக்கு அந்தப் பேனா கூடாது என்று விதி. அதனால் சோதனை செய்யும் எவனும் அதைத் தொட மாட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஊரெல்லாம் எங்கள் விதியிலா நடக்கிறது?

நூற்றைம்பது டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம். இந்த மை அறுபதிலேயே போய்விடும்.

போன மை கடும் குளிரில் திரும்பும் என்று பேனா உறையில் போட்டிருக்கும். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஹதஹத்தா மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். நோரிஹிரோ பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு, "டாக்டர்கிட்ட போகலாமா?" என்றார்.

சாயங்காலம் எடுத்தேன். எழுத்து வந்திருக்கிறது. வெளிறிய நீலம், ஆனால் படிக்கலாம். இவஹாஷியைப் பற்றி எழுதி நான் தேய்த்து அழித்த வார்த்தையும் வந்திருக்கிறது. பிப்ரவரி 10 வந்திருக்கிறது. "மாற்றினாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது." என் கையெழுத்துதான்.

அடுப்பின் அதே சூடு மண்ணுக்குப் பழைய பலத்தைத் திருப்பிக் கொடுத்தது, மையை அழித்தது. இரண்டும் ஒரே தட்டில், ஒரே மணி நேரத்தில் நடந்திருக்கிறது. நான் பார்த்தது ஒன்றை மட்டும்.

நூற்றைம்பதில் சுட்ட மை திரும்புமா? ஹீட்டர் காற்றும் அடுப்பும் ஒன்றல்லவே. சோதித்துப் பார்க்க வீட்டில் அந்த அடுப்பு இல்லை. சில்லுகள் இவஹாஷியிடம். அங்கே போய்த்தான் தெரியும்.

பிப்ரவரி 17, திங்கள்

காரில் குசுமோதோ முத்திரையைக் கேட்டார். வைக்க மாட்டேன் என்றேன். காரணம் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். யோகான் பெட்டி என் மடியில் கனத்தது.

ஷியோமியில் இவஹாஷியும் கொள்முதல் தலைவி தொக்குராவும் காத்திருந்தார்கள். தொக்குரா அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, கேட்பதை ஒரே வாக்கியத்தில் கேட்பார். குசுமோதோ உட்காரும் முன்பே குனிந்து மன்னிப்பைத் தொடங்கிவிட்டார். நான் குறுக்கே புகுந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"இவஹாஷி சார், புள்ளி வச்ச பேனாவைக் காட்ட முடியுமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். சிவப்பு. வால் ரப்பர். நான் உட்கார்ந்துகொண்டேன்.

"சூட்டுல இந்த மை போயிடும்னு தெரியுமில்லையா?"

"தெரியும். ஆனா நீங்க அடுப்புல வைப்பீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"அறிக்கையில எழுதியிருந்தேன். பெரிசா நகல் எடுத்துக்கூட வச்சிருந்தேன்."

தொக்குரா அம்மாள் இவஹாஷியைப் பார்த்தார். படித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரி, அப்படியே போயிருந்தாலும் இவங்க மாத்தலன்னு ஆயிடுமா?" என்று தொக்குரா அம்மாள் கேட்டார். நியாயமான கேள்வி.

அவர்கள் மேசைகளில் குளிரூட்டும் ஸ்பிரே இருந்தது, கருவியில் எந்தப் பாகம் சண்டித்தனம் செய்கிறது என்று கண்டுபிடிக்க அதன் மேல் அடிப்பது. அதைக் கேட்டேன். அவர்கள் ஒட்டி மூடி வைத்திருந்த உறையை இவஹாஷியே பிரித்தார். நான் எதையும் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டேன்.

முதல் சில்லைக் கவிழ்த்து அடித்தார். வெள்ளையாக உறைபனி பூத்தது. கரைந்ததும் பார்த்தோம். ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஒன்றுமில்லை.

மூன்றாவதும் இல்லை. குசுமோதோ மெல்ல யோகான் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுபடி குனிவதற்குத் தயார். எனக்கு அந்தப் பெட்டியை எடுத்து அவர் தலையில் போடலாமா என்றிருந்தது. ஐம்பதில் இருபதில்தான் குறி என்பது அந்த நிமிஷம் எனக்கே மறந்துபோயிருந்தது.

நான்காவதில் பனி கரைய நேரமானது. இவஹாஷி பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தொக்குரா அம்மாளிடம் கொடுத்தார்.

"இருக்கு," என்றார் அந்த அம்மாள்.

இளஞ்சிவப்பு, ஊசிமுனை அளவு. நிறம் செத்த புள்ளி, ஆனால் புள்ளி. ஐம்பதையும் அடித்து முடித்தார்கள். பத்தொன்பது கிடைத்தது. ஒன்று எங்கேயோ அழிந்துவிட்டது, போகட்டும்.

குசுமோதோ எழுந்து பெட்டியை நீட்டி, "இருந்தாலும் உங்களுக்குச் சிரமம் குடுத்ததுக்கு…" என்று தொடங்கினார்.

"இதை யார் யாருக்குக் குடுக்கணும்?" என்றார் தொக்குரா அம்மாள்.

பிறகு அவரே ஆரம்பித்தார். அறிக்கைக்கு ஒரு காரணம் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வந்த வரைவில் 'மனிதத் தவறு' என்று இருக்கிறதாம், மேலிடம் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டதாம், அப்படியே விட்டால் இரண்டு பக்கமும் எளிது என்றார். குசுமோதோ தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவஹாஷி பேசினார்.

"என் பேனாதான் மேடம். என் பேரைப் போட்டு எழுதிக்குங்க."

காது வரை சிவந்திருந்தார். அவர் வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஜனவரி 22ஆம் தேதி அவரைப் பற்றி எழுதிய அந்த வார்த்தையை வீட்டுக்கு வந்ததும் மறுபடி தேய்த்து அழித்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஏஜென்சிக்குப் போன் செய்து வரைவு தப்பு என்று சொல்லச் சொன்னேன். "செய்யறேம்மா" என்றார் குசுமோதோ.

பிப்ரவரி 19, புதன்

செய்யவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

செய்யவில்லை. இன்று சொன்ன காரணம்: ஒரு தரம் சொன்னதை மாற்றிச் சொன்னால் ஏஜென்சி என்ன நினைக்கும். ஏஜென்சியில் போனை எடுக்கும் பெண் கோபித்துக்கொள்வாள் என்று பயம். ஒரு குடும்பம் தெருவுக்கு வருவதைவிட அந்தப் பெண்ணின் கோபம் பெரிது இவருக்கு.

அரமகி என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசுவதில்லை. ஏஜென்சி அவளை வரச் சொல்லியிருக்கிறதாம். இதையும் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

பிப்ரவரி 26, புதன்

அறிக்கைக்கு மட்டுமல்ல, அனுப்பும் சரக்குக்கும் என் முத்திரைதான்; அது இல்லாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. அது ஒரு அசட்டு மரமுத்திரை, மூடி உடைந்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை அதை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்குக் குசுமோதோ வந்தார். "பெட்டியெல்லாம் நிக்குதே."

"முத்திரை வைக்க நேரமில்ல சார்."

"என்ன வேலை?"

"நீங்க போன் பண்றதுக்காகக் காத்திருக்கேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போய்விட்டார். மத்தியானத்துக்குள் அனுப்பும் பகுதியில் பெட்டிகள் கதவை மறைத்துவிட்டன. லாரி ஓட்டுநர் உள்ளே வந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் பொதுவாகத் திட்டினார். சாயங்காலம் வரை ஒரு பெட்டியும் போகவில்லை. வேலை போனாலும் போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

போன் செய்தார். என் மேசையிலிருந்தே செய்ய வைத்தேன். போனைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை குனிந்தார், அந்தப் பக்கம் ஆளே தெரியாவிட்டாலும். வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு கோவிச்சுக்கலையே" என்றார், ஆச்சரியமாக.

மூடியைக் கழற்றி, பெட்டிகளுக்கு வரிசையாக முத்திரை வைத்தேன். கை வலிக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

திருத்த நடவடிக்கை வந்துவிட்டது. குசுமோதோ ஒரு வழியாக இயற்கைக்கே நடவடிக்கை எடுத்துவிட்டார். அழியும் பேனாக்கள் இனி தொழிற்சாலை வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. கழிப்பறைக் கதவு வரை அறிவிப்பு. அடிக்குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சிடலாம் என்று நான் கேட்டது பரிசீலனையில் இருக்கிறதாம்.

பேனாக்களைப் பறிமுதல் செய்யும் பொறுப்பு, ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்ட அரமகிக்கு. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். என்னிடம் வந்ததும் டப்பாவை நீட்டினாள்.

"உங்க பையில இருக்கறதும்."

"அது வீட்டுப் பேனா."

"வாசலுக்குள்ள வந்தா ஆபீஸ் பேனாதான்."

உள்ளே பார்த்தேன். முப்பது நாற்பது பேனா இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, உடையவர் பெயர் எழுதியிருந்தாள். எது யாருடையது என்று ஒரு நாளும் மாறாது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அரமகி, அன்னிக்கு தட்டைப் பத்தி நான் உன்னைக் கேட்டிருக்கக்கூடாது."

அவள் சீட்டில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கேட்டது தப்பில்லக்கா. கேட்க வேண்டியது உங்க வேலை. பதிலைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து போனீங்களே, அதான்."

சீட்டை என் பேனாவில் ஒட்டி டப்பாவில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் என் சோற்று டப்பா மூடியில் ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாய் இருந்தது.

இதைப் பால்பாயிண்டில் எழுதுகிறேன். திட்டுத் திட்டாக வருகிறது, கையெல்லாம் மசி. பிப்ரவரி 10ஆம் தேதிப் பக்கம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது; கோடை வந்தால் தானாகவே போனாலும் போய்விடும். அதன் மேலேயே எழுத்துக்கு எழுத்து இந்தப் பேனாவால் எழுதி முடித்தேன், ஒரு வார்த்தையும் விடாமல்.